எந்த ஆபரேஷன் நல்லது?

மெக்சிகோ எல்லையோரத்து அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பல் ஆஸ்பத்திரிதான். வாசலில் நின்று ஆள் பிடிக்கும் பையன் கையைப் பிடித்து இழுத்துவந்த கசியானோ கிழவரை உட்காரவைத்து, டாக்டர் யாதிரா குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தாள்.

"ஈறு கரைஞ்சு பல்லோட வேர் தெரிஞ்சா எந்த ஆபரேஷன் நல்லது டாக்டரம்மா? அண்ணத்துல சதை எடுத்து ஒட்டுறதுதான் நிலைக்கும்னு எதிர் ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"சொல்லுவாங்க. வாயில ரெண்டு இடத்துல புண்ணு யாருக்கு? உங்களுக்குத்தானே. நான் சின்னதா துளை போட்டு, இருக்கிற ஈறையே இழுத்து மூடிடுவேன்."

"ஈறு மெலிசா இருந்தா அது நிக்காதாமே?"

யாதிராவுக்குச் சுருக்கென்றது. படம் வரைந்தாள், பொம்மைத் தாடையைத் திறந்து காட்டினாள், அரை மணி நேரம் வாதாடினாள். கிழவர் இன்னொரு டம்ளர் சாறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இப்பவாவது நம்புறீங்களா? எங்கே, வாயைத் திறங்க."

கிழவர் மேல் பல்செட்டையும் கீழ் பல்செட்டையும் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"ஒரு பல்லுகூட இல்லாம எதுக்கய்யா இத்தனை கேள்வி?"

கிழவர் செட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"பஸ் வர நேரமாகும், வெளியே வெயில் கொளுத்துது. உங்க ஆளுதான் இழுத்தான். ஏசி எதிர் ஆஸ்பத்திரியிலதான் ஜில்லுன்னு இருக்கு தாயி. ஆனா சாறுன்னா உங்களுதுதான்."