சேவல் போட்ட கூட்டம்

முட்டை ஒன்று காணாமல் போனால் போதும், சேவலுக்கு ரத்தம் கொதித்துவிடும். மறுநாள் மதியமே எல்லாப் பெட்டைகளையும் குப்பைமேட்டுக்கு வரவழைத்து, திருட்டுக் கீரியைக் கண்டித்துத் தொண்டை கிழியப் பேசும்.

ஒன்பதாவது முட்டையும் போன அன்று, சுவரிலிருந்த பல்லி மெல்ல வாய் திறந்தது. "தலைவரே, நான் தினமும் கவனிச்சுக்கிட்டு வர்றேன். முதல் முட்டை உங்க பிறந்தநாள் கூட்டத்தப்போ போச்சு. மத்த எட்டும் கண்டனக் கூட்டத்தப்போ போச்சு. அந்த நேரத்துல கூண்டுல யாருமே இருக்கிறதில்ல."

"சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்குற நீ எனக்குக் காவல் சொல்லித் தர்றியா?" என்று சீறிய சேவல், பல்லியைக் கண்டித்து அவசரக் கூட்டம் அறிவித்தது.

பல்லி சொன்னது பெட்டைகளின் காதிலும் விழுந்திருந்தது. "நீங்க பேசுங்கண்ணே, நாங்க இங்கிருந்தே கேட்டுக்குறோம்" என்று முட்டைகளை விட்டு ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

ஆளில்லாத மேட்டில் முழங்கிவிட்டுத் திரும்பிய சேவல் கூண்டைச் சுற்றிப் பார்த்தது. ஒரு முட்டைகூடக் குறையவில்லை.

"பார்த்தீங்களா!" என்று கொண்டையைச் சிலுப்பியது. "இன்னிக்கு நான் பேசின பேச்சுல கீரி ஊரை விட்டே ஓடிருச்சு. நாளைக்கு மதியம் வெற்றி விழாக் கூட்டம். ஒருத்தி பாக்கியில்லாம வந்து சேரணும்!"