குளத்தில் யாரும் இறங்கவில்லை

சௌகத் அலியின் பங்களா காலியாக இருக்கிறது என்று இளஞ்செழியனுக்குச் சொன்னதே நீச்சல் குளம்தான்.

அந்தத் தோல் வியாபாரி வீட்டுக் குளத்துக்குக் கருவி செய்து மாட்டியவன் அவன். இரண்டு சென்சார், ஒரு சின்ன போர்டு, வீட்டு வைஃபை. தண்ணீரில் குளோரின் குறைந்தால் போனுக்குச் செய்தி வரும், மருந்தும் தானாகக் கொட்டும். பின்பக்க கேட்டும் அதே போனில் திறக்கும். நல்ல வேலைக்காரன் என்று பாய் தோளில் தட்டிக்கொடுத்தார். நல்ல வேலைக்காரன் பாஸ்வேர்டை மறக்காமல் தன் போனிலும் ஏற்றிக்கொண்டான்.

"ஏலே, வீட்டுல ஆளு இல்லேன்னு எப்படிச் சொல்ற?" என்றான் ஆட்டோ ஓட்டும் கூட்டாளி பொம்மையன்.

"பேரப்பசங்க தெனமும் குதிச்சுக் குதிச்சே குளோரினை இறக்கிருவானுக. இந்தா பாரு, ஒரு வாரமா போனுல குளோரின் கோடு அசையல. குடும்பத்தோட ஊருக்குப் போயாச்சு. பாய் மக ருக்ஸாரோட கல்யாண நகை அம்புட்டும் பீரோவுலதான் கெடக்கு."

"எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு..."

"மனுசன் பொய் சொல்லுவான். மெசின் சொல்லாது."

இந்த ஒன்று மட்டும் கைகூடினால் மதுரையில் கடை போட்டு, அப்புறம் நாணயமாகப் பிழைப்பதாக அவன் திட்டம்.

மதியம் கையூம் பாய் கடை பூட்டிக் கிடந்ததால் பிரியாணி இல்லை, டீயும் பன்னும்தான். வயிறு கூப்பாடு போட்டது. ஆனாலும் நேரம் கூடி வந்தது. பொழுது சாயும் அந்த வேளையில் பின்தெருவில் ஈ, காக்கை இல்லை. பொம்மையன் ஆட்டோவில் காத்திருக்க, பின்பக்க கேட் சத்தமில்லாமல் திறந்தது. குளத்துத் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. தன் வேலையைப் பார்த்து அவனுக்கே பெருமையாகிவிட்டது. வீட்டுக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கடப்பாரையால் பின்கதவை நெம்பி, ஹாலுக்குள் காலை வைத்தான்.

ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையேந்தியிருந்தார்கள். ஆளுக்கொரு கிண்ணம் கஞ்சி, இரண்டு பேரீச்சம்பழம்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. சௌகத் அலி கண் திறந்தார். அவன் ஒரு கையிலிருந்த கடப்பாரையையும், மறு கையிலிருந்த போனில் அசையாத கோட்டையும் பார்த்தார். ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"வாய்க்குள்ள தண்ணி போனா நோன்பு முறிஞ்சிரும்னு பசங்கள குளத்துல எறங்க விடலப்பா. உக்காரு, நீயும் கஞ்சி குடி. இந்தா, விருந்துக்கு வந்திருக்கிற நம்ம இன்ஸ்பெக்டர் சார் பக்கத்துலயே எடம் இருக்கு."