வானம் பார்த்த விளக்கு

"ஒரு கண்ணு ரோட்டைப் பாக்குது, ஒரு கண்ணு வானத்தைப் பாக்குது. இந்த லட்சணத்துல எப்படி வெளியே கூட்டிட்டுப் போறது?" என்று முகவாயில் கைவைத்துக் கேட்டாள் மனைவி. அதைக் கேட்டதும் அவருக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

கண் என்று அவள் சொன்னது காரின் ஹெட்லைட்டை. காயலான் கடையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய வண்டியை வாங்கிவந்து, துருவைச் சுரண்டி, இன்ஜினுக்கு உயிர் கொடுத்து, பெயின்டும் அடித்தாகிவிட்டது. கடைசியாக மாட்டிய இரண்டு உருண்டை விளக்குகள்தான், பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

நாளைக்கு மகள் குடும்பத்தோடு வருகிறாள். முதல் சவாரி, தாத்தா ஓட்டுவார், பேரப்பிள்ளைகள் பின் சீட்டில் என்று போனிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது.

"பகல்லதானே போறோம், லைட் எதுக்கு?" என்றாள் மனைவி.

"நடுவழியில மேகம் கவிஞ்சுதுன்னா? லைட் நேராகாம இந்த வண்டி வாசலைத் தாண்டாது" என்றார் கறாராக.

அச்சகத்தில் புரூஃப் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றுப்பிழைக்கே சண்டைக்குப் போகிற மனுஷன், கோணல் வெளிச்சத்தோடு ரோட்டில் இறங்குவாரா?

உண்மை என்னவென்றால், அவருக்குக் கார் ஓட்ட வராது. தினமும் காலையில் 'வாக்கிங்' என்று வீட்டில் சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்த்தான் பார்த்தார். முன்னால் போவதெல்லாம் ஒழுங்காகப் போவார், பின்னால் எடுக்கச் சொன்னால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பிப்போவார். இந்த வாரமும் டெஸ்டில் நட்டுவைத்த கம்பத்தைச் சாய்த்துவிட்டுத்தான் வந்தார்.

லைசென்ஸ் தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்று வீட்டில் சொல்லி மாசக்கணக்காகிறது. வந்ததா என்று மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. பாவம், வெள்ளை மனசு என்று நினைத்துக்கொண்டார்.

ஆக, பேரப்பிள்ளைகள் முன்னால் மானம் கப்பலேறாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. லைட் கோணலாகவே இருக்க வேண்டும்.

விளக்கு வேலை பார்ப்பவன் மனைவியின் தம்பி, ஆட்டோ எலக்ட்ரீஷியன். குள்ளமான அக்காவுக்கு நேர்மாறாக ஒட்டடைக்குச்சி போல நெடுநெடுவென்று இருப்பான். வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டரைப் பாதி இறக்கி இருட்டாக்கி, வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, சுவரில் விளக்கு உயரத்துக்குச் சாக்பீஸ் கோடு போடுவான். மேல் திருகைத் திருப்பி வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, பக்கத் திருகில் இடம் வலம் சரிபார்த்து, கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவான்.

அவன் தலை மறைந்ததும் இவர் இடுப்பிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவி மேல் திருகை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். வாழ்நாளெல்லாம் பிழை திருத்தியவர் பிழை செய்ய இறங்கினால் அதிலும் ஒரு சுத்தம் இருக்கத்தானே செய்யும். இன்றைக்கும் கச்சிதமாக முடித்திருந்தார்.

இதில் அவருக்கு ஒரே ஒரு எரிச்சல்தான். லைட் சுவிட்சைப் போட டிரைவர் சீட்டில் ஏறினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். யாரோ சீட்டை முன்னால் இழுத்துவைத்திருப்பார்கள். இவர் பின்னால் தள்ளிவிட்டுப் போவார், மறுநாள் பார்த்தால் மறுபடியும் முன்னால் வந்து நிற்கும். மைத்துனனைக் கேட்டதற்கு, பழைய வண்டி, தானாக நகருகிறது போல என்று சிரித்து மழுப்பிவிட்டான்.

டீ குடித்துவிட்டு வந்தவன் வானத்தைப் பார்த்த விளக்கைப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தப்பு என்மேலதான் மாமா" என்றான். "சீட்டைக் காலியா வச்சுக்கிட்டுப் பாத்தா எப்படி நேராகும்? ஆள் உக்காந்தா வண்டி அமுங்கும், லைட்டும் மாறும்ல. ஓட்டுற ஆளோட எடை சீட்டுல இருக்கணும்."

அவருக்குப் பகீரென்றது. அவர் போய்ச் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் திருகைத் திருப்புவது யார்? லைட் நேராகிவிடும், நாளைக்கு வண்டி வாசலைத் தாண்டிவிடும். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது, பேரனின் முகம் நினைவுக்கு வரவும் விட்டுவிட்டார்.

மனைவி டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தார். ணங்கென்று முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. இருக்கிற கடுப்பில் இது வேறயா என்று முணுமுணுத்தபடி சீட்டைப் பின்னால் தள்ளக் குனிந்து அடியில் கையை விட்டார்.

மனைவி அவர் தோளைத் தொட்டாள்.

"சீட்டைத் தள்ளாதீங்க. இறங்குங்க, ஓட்டுறவ உக்காரணும்."