ஒரே ஒரு குரைப்பு

"ஒரு தடவை குரைக்கச் சொல்லுப்பா, ரெய்னோ. நாய்னு எழுதிட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

டார்லா எங்கள் ஊர் விலங்குக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவள் கையிலிருந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். நாய். ஓநாய்க் கலப்பு.

நாய் என்றால் பத்து நாள் வீட்டிலேயே அடைத்துக் கவனித்தால் போதும். ஓநாய்க் கலப்பு என்றால் போட்ட வெறிநோய் ஊசி செல்லாது. கொன்று, தலையை அறுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம், கட்டுப் போட்ட கையோடு பக்கத்து வீட்டு கார்ல் நின்றான். காலையில் அவனைக் கடித்தது என் சுசிதான்.

"சத்தியமா நாய்தான் டார்லா. இதோட அம்மா என் மச்சான் பண்ணையில ஆடு காத்துச்சு," என்றேன்.

கார்ல் விடவில்லை. "போன வெள்ளிக்கிழமை பார்ல, முக்கால்வாசி ஓநாய்னு மாரைத் தட்டினது யாருடா? சுசின்னா உங்க தாத்தா ஊர் ஃபின்லாந்து பாஷையில ஓநாய்னு நீதானே சொன்னே?"

சொன்னேன். என் வாயில் கொள்ளியை வைக்க. சுப்பீரியர் ஏரிக்கரையில் எல்லோரிடமும் நாய் இருக்கிறது, பனிவண்டி இருக்கிறது, சுவரில் மான் கொம்பு இருக்கிறது. என்னிடம் மட்டும்தான் ஓநாய் இருந்தது.

டார்லா சுசியைச் சுற்றி வந்தாள். மஞ்சள் கண். நீளக் கால். சுருளாமல் தொங்கும் வால். ஒவ்வொன்றுக்கும் அவள் பேனா இரண்டாவது கட்டத்தின் பக்கம் போய்ப் போய் நின்றது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலியைத் தட்டினேன். பந்தை எறிந்தேன். வெட்கத்தை விட்டு மண்டியிட்டு, நானே குரைத்துக் காட்டினேன். கார்ல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சுசி காதை மடக்கி என்னையே பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

அப்போது தீயணைப்பு நிலையத்தின் பன்னிரண்டு மணிச் சங்கு ஒலித்தது.

தெரு நெடுக நாய்கள் குரைத்தன. சுசி மட்டும் மோவாயை வானத்துக்குத் தூக்கி, நீளமாக, அழகாக ஊளையிட்டது. கார்லின் சிரிப்புகூட நின்றுவிட்டது.

டார்லா என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை அழுத்தினாள்.

"நான்தான் டார்லா பழக்கினேன்! குட்டியிலேர்ந்து குரைச்சா மூக்குல சுண்டுவேன். ஊளையிட்டா மான்கறி வத்தல் குடுப்பேன். ஊரை நம்ப வைக்க..."

"ஓநாய் வச்சிருக்கிற எல்லாரும் கடைசியில ஏதாவது இப்படித்தான் சொல்றாங்க ரெய்னோ," என்றவள், வண்டியிலிருந்து கூண்டை எடுக்கப் போனாள்.

நான் மண்டியிட்ட இடத்திலேயே அழுதுகொண்டிருந்தேன்.

ஊளையை முடித்த சுசி ஓடி வந்து என் முன்னால் உட்கார்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டு என் சட்டைப் பையையே பார்த்தது.