பாடுகிறவர் நிற்கும் இடம்

ஒயருக்கும் சங்கீதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று தம்பி உலகத்துக்கு அறிவித்தான். உலகத்தின் சார்பில் அக்கா மட்டும்தான் அப்போது ஹாலில் இருந்தாள்.

"கம்பி கம்பிதான்க்கா. துணி காயப்போடற கம்பியில இழுத்தாலும் இதே பாட்டுதான் வரும்."

சொல்லுகிற தகுதி அவனுக்கு இருந்தது. கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸ் லேப் அவன் பொறுப்பு. 'ஓடும்போது கை வைக்காதே' என்று அதன் சுவரில் சிவப்பு மையில் எழுதி வைத்தவன் அவன்தான். இத்தனை வருஷத்தில் அங்கே எந்த மாணவனுக்கும் ஷாக் அடித்ததில்லை. பாடம் ஏறியதும் இல்லை.

அக்கா சோபாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு ஸ்பீக்கர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் போன பிறகு அவள் அந்த ஸ்டீரியோவை நிறுத்துவதே இல்லை.

அத்தான் பல் டாக்டர். ஆயுளில் பாதியை ஊரார் வாயிலும் மீதியை ஸ்பீக்கருக்குப் பின்னாலும் கழித்தவர். கட்டைவிரல் பருமனுக்கு ஒயர் வாங்குவார். இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று அளப்பார். மாட்டுவார், உட்கார்ந்து கேட்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய் வேறொன்றை மாட்டுவார்.

"ஒயரை மாத்தினா பாடறவர் நிக்கிற இடமே மாறும் மாப்ளே" என்பார்.

"அப்படியே ஒரு நாற்காலியும் போட்டுடுங்க அத்தான். பாவம், கால் வலிக்கும்" என்பான் தம்பி.

இப்போது கேலி பண்ண ஆளில்லை. பாட்டுப் போட்டால் குரல் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை, சோபாவுக்குப் பின்னாலிருந்து வருகிறது, அங்கே அவர் நிற்கிறார் என்கிறாள் அக்கா. அதனால் அவள் எங்கேயும் வர முடியாதாம். சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டாள். தம்பி வீட்டில் அவளுக்காக அறையைக் கூட்டிக் கட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவள் துணிமணிகளை அடைத்த பெட்டி வாசல் கதவருகே நிற்கிறது. இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதில்லை என்று தம்பி வந்திருக்கிறான்.

புருஷன் மேல் இருக்கிற பாசம், வேறென்ன என்பது அவன் தீர்ப்பு. பாசத்துக்கு ஸ்க்ரூடிரைவர் கிடையாது. இருந்தாலும் கொண்டு வந்திருந்தான்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். குரல் நிஜமாகவே பிடரிக்குப் பின்னால் இருந்தது.

எழுந்து போய் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் தலையை விட்டான். வெளியே எடுத்தபோது பல்லெல்லாம் தெரிந்தது.

"சிவப்பு போக வேண்டிய இடத்துல கறுப்பு, கறுப்புக்குச் சிவப்பு! ஒண்ணு தள்ளுது, இன்னொண்ணு இழுக்குது. குரலுக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியல. பேய் இல்லக்கா, பிளஸ் மைனஸ். கட்டைவிரல் ஒயர் வாங்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு மாட்டத் தெரியலையே!"

"இருக்கட்டும்டா. விட்டுடு."

"குரல் முன்னாடி வந்துடுச்சுன்னா நீ பெட்டியோட கிளம்பணும். பேச்சு மாறக் கூடாது."

விதிப்படி முதலில் ஸ்டீரியோவை அணைத்தான்.

வீடு சட்டென்று நிசப்தமானது. மேல் வீட்டில் யாரோ செருப்போடு நடந்தார்கள். சாயங்கால வேளையில் இப்படியா நடப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே திருகைக் கழற்றிச் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் முடுக்கி, மறுபடி பாட்டைப் போட்டான்.

குரல் முன்னால் வந்துவிட்டது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால், ஓர் ஆள் உயரத்தில் அச்சடித்த மாதிரி நின்றது.

"பாத்தியா?" என்றான் தம்பி. லேபில் அவனுக்கு இப்படி ஒரு வெற்றி கிடைத்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

அந்த இடைவெளியில், அதே இடத்தில், அதே உயரத்தில், யாரோ மூச்சு வாங்கினார்கள்.

பாடுகிறவர்கள் பாட்டின் நடுவே மூச்சு வாங்குவார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே வாங்கமாட்டார்கள்.

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்து தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் சரியாத்தான்டா மாட்டியிருந்தார்" என்றாள். "மாத்தினது நான். அவர் முகத்தைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல."

தம்பியின் கை தானாக ஸ்விட்சுக்குப் போனது. அக்கா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிறுத்தாதடா. நிறுத்தினா நடக்க ஆரம்பிச்சிடறார்."

தம்பி கூரையை அண்ணாந்து பார்த்தான். இந்த வீட்டுக்கு மேல் வீடு கிடையாது.

அடுத்த பாட்டு தொடங்கியது. அவன் எதிர்ச் சுவர்ப் பக்கம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி தவழ்ந்து இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் போனான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகைத் தளர்த்தி, கறுப்பு போக வேண்டிய இடத்தில் சிவப்பையும், சிவப்பு போக வேண்டிய இடத்தில் கறுப்பையும் செருகினான். லேப் சுவரில் எழுதியிருந்தது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. ஒயரின் ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் பொறுமையாக முறுக்கி உள்ளே தள்ளினான். அத்தானே அவ்வளவு கவனமாக மாட்டியிருக்கமாட்டார்.

குரல் சுவரை விட்டு விலகியது. அவனைத் தாண்டிப் போனது.

தவழ்ந்தே திரும்பி வந்தான். அக்கா சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள். இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள்.

வெகுநேரம் கழித்துத்தான் தம்பிக்கு உறைத்தது: அக்காவின் பெட்டியும் வாசல் கதவும் சோபாவுக்குப் பின்னால் இருந்தன.