குளித்தால் தடிக்கிறது

“சோப்புல என்னத்தக் கலந்து தொலைக்கிறீங்க? குளிச்சுட்டு வெளிய வந்தா முதுகெல்லாம் சிவந்து, திட்டுத் திட்டா தடிச்சுப் போகுது! நான் மனுஷனா, இல்ல உலக வரைபடமா?”

சோப்புக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஏழாம் நம்பர் சீட்டில் இருந்த பெண், கண்களை மூடித் திறந்தாள். பக்கத்தில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார் சூப்பர்வைசர். தலையில் முடியும் இல்லை, பிரிவில் மரியாதையும் இல்லை என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவர்.

ஐந்து நாளாக இதே ஆள், இதே கத்தல். வேறு யார் எடுத்தாலும், “ஏழாம் நம்பர்கிட்ட குடுங்க” என்பார். வாடிக்கையாளர் வைக்கும்வரை ஊழியர் போனை வைக்கக் கூடாது என்பது கம்பெனி சட்டம். நேற்று நாற்பது நிமிஷம் காதில் பொரிந்து தள்ளினார். இன்றைக்குள் இந்தப் புகாரை முடிக்காவிட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

“வெந்நீரா, பச்சைத் தண்ணியா சார்?”

“வெந்நீர்தான். கொதிக்கக் கொதிக்க. அரை மணி நேரம்.”

“அரை மணி நேரமா? முட்டையே வெந்துடுமே!”

சூப்பர்வைசர் பதறிப்போய் மேஜைமேல் இருந்த கேள்வித்தாளைத் தட்டிக் காட்டினார். அதில் முட்டை இல்லை.

“முப்பது வருஷமா அப்படித்தான் குளிக்கிறேன். இப்ப மட்டும் ஏன் வரணும்?”

“வயசாக ஆக தோல் வறண்டு போகும். சூடு பட்டா, இருக்கிற எண்ணெய்ப் பசையும் போயிடும்.”

“எனக்கு வயசாச்சுங்கறீங்களா?”

“ஆமா!”

சூப்பர்வைசர் தலையில் கை வைத்தார்.

“தடிப்பு வரும்போது மூச்சு வாங்குதா? முகம், உதடு வீங்குதா?”

“இல்ல.”

“நிஜமா?”

“இல்லேங்கறேன்ல!”

“எதை வெச்சுத் தேய்க்கிறீங்க?”

“முதுகுக்குக் கை எட்டல. தரை தேய்க்கிற பிரஷ் மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்.”

“தரையே அழும் சார். சரி, துண்டு?”

“அது அட்டை மாதிரி விறைச்சுக் கிடக்கு. சுவத்துல சாய்ச்சு வெச்சா நிக்கும்.”

“துவைக்க எத்தனை கரண்டி பவுடர் போடறீங்க?”

“கரண்டியா? ரெண்டு கை அள்ளிப் போடுவேன்.”

“எத்தனை தடவை அலசறீங்க?”

“அலசணுமா?”

சூப்பர்வைசருக்கே முதுகு அரித்தது.

“பவுடர் பூரா துண்டுலயே தங்கிடுது. வெந்துபோன உடம்புல அதைப் போட்டு அரக்கித் தேய்ச்சா, தடிக்காம என்ன செய்யும்? பழி மட்டும் சோப்பு மேல! இதுக்கு முன்னாடி யார் துவைச்சாங்க?”

“சமையல் என் பொறுப்பு, துணி இன்னொருத்தர் பொறுப்புன்னு இருந்துது. இப்ப அந்த ஆள் இங்க இல்ல.”

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது என்று சூப்பர்வைசர் கணக்குப் போட்டார். தன் வீட்டிலும் அப்படி நடந்தால் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதே என்று அவருக்குப் பகீரென்றது.

“போறதுக்கு நீங்க என்ன பண்ணினீங்களோ!” என்றாள் அவள்.

“அது உங்க கேள்வித்தாள்ல இருக்கா?” என்று அந்தக் குரல் எகிறியது.

“இல்ல. நானாத்தான் கேட்டேன். இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். அந்தப் பிரஷ்ஷைக் குப்பையில போடுங்க. எங்க சோப்பையும் விடுங்க, வாசனை இல்லாத சோப்பா வாங்குங்க.”

சூப்பர்வைசருக்குப் புரையேறியது.

“துண்டை ரெண்டு தடவை நல்லா அலசுங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள தோலுக்குத் தடவற கிரீம் போடுங்க. ஒரு வாரத்துல அடங்கலேன்னா டாக்டர்கிட்ட போங்க.”

“அதெல்லாம் இருக்கட்டும். என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்கற வரைக்கும் தினமும் கூப்பிடுவேன்!”

“கூப்பிடுங்க! நல்லாக் கூப்பிடுங்க! இன்னிக்கு இந்தப் புகார் முடியலேன்னா என் வேலை போயிடும். நாளைக்கு இந்த சீட்டுல வேற யாராவது இருப்பாங்க. அவங்ககிட்ட கத்துங்க!”

லைன் அறுந்துவிட்டதோ என்று சூப்பர்வைசர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார்.

“வேலை போயிடுமா?” குரல் இறங்கியிருந்தது.

“ஆமா.”

“முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா?” தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. “எழுதிக்கோங்க. சோப்பு மேல தப்பில்ல. தப்பெல்லாம் என் பேர்லதான். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிப்பு நான் கேட்டுக்கறேன். போதுமா?”

அவள் பதில் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

“பிரமாதம்மா!” சூப்பர்வைசர் துள்ளி எழுந்து, புகார்த் தாளில் ‘முடிந்தது’ என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். “அப்பாடா, ஒழிஞ்சான் மனுஷன்! இனிமே உன்னைக் கூப்பிட மாட்டான்.”

அவள் கைப்பையிலிருந்து தன் சொந்த போனை எடுத்தாள். எட்டு மாதமாக பிளாக் செய்து வைத்திருந்த ஓர் எண்ணை விடுவித்து அழைத்தாள். எட்டிப் பார்த்த சூப்பர்வைசர், அது புகார்த் தாளில் இருந்த அதே எண் என்பதைக் கண்டார்.

“ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன், டாக்டர்கிட்ட போறோம்” என்று அழுதுகொண்டே கத்தினாள் அவள். “அதுக்குள்ள மறுபடியும் கொதிக்கிற தண்ணியில குளிச்சீங்க, நடக்கறதே வேற, அப்பா!”