எஞ்சினைத் துடைத்த துணி

பல வருஷம் பெட்டிக்குள் கிடந்த பொம்மை ரயில் எஞ்சினை வெளியே எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டும் அது அசையவில்லை.

“துருப்பிடிச்ச மூதேவி! வர்ற கரண்டையெல்லாம் நீயே முழுங்குறியா?” என்று எஞ்சின் தண்டவாளத்தைப் பார்த்துக் கத்தியது.

தண்டவாளத்துக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. காலையில்தான் அதைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். “முதல்ல உன் சக்கரத்தைப் பாருடா!”

“வாயை மூடு! நான் எப்பேர்ப்பட்ட வண்டி தெரியுமா?”

அதற்குள் ஒரு கை எஞ்சினைத் தூக்கிக் கவிழ்த்து, சக்கரங்களை அழுத்தித் துடைத்தது. வெள்ளைத் துணி கரித்துணியானது.

மறுபடி வைத்ததும் எஞ்சின் பாய்ந்து கிளம்பியது. ஒரு சுற்று சுற்றி வந்து, ஓரத்தில் கிடந்த துணியைப் பார்த்து முகம் சுளித்துத் தண்டவாளத்திடம் சொன்னது:

“பாத்தியா! இவ்வளவு அழுக்கை மேல வச்சுக்கிட்டுத்தான் என்னைய ஓடவிடாமப் பண்ணியிருக்கே!”